வந்ததை அனுப்புதல் பொய்யாகுமா?

சென்ற ஐப்பசித் திங்களில் ஒரு புதன்கிழமை இரவு, இராமேசுவரம் தீவின் மீனவர் குடியிருப்பு ஒன்றில் ஒரு வீட்டார் விடியும்வரை உறங்கவில்லை. அன்று காலையில் டோக்கன் பெற்றுக் கடலுக்குச் சென்ற விசைப்படகுகளுள் இரண்டினை இலங்கைக் கடற்படையினர் பிடித்துக்கொண்டனர் என்றும், துப்பாக்கிச் சூட்டில் ஒருவர் காயமுற்றார் என்றும் கைப்பேசியில் ஒரு செய்தி வந்தது. தொலைக்காட்சி நிறுவனம் ஒன்றின் சின்னமும், சிவப்புப் பட்டையும், படகின் நிழற்படமும் அதில் இருந்தன. அவ்வீட்டுத் தலைவரும் மூத்த மகனும் அன்று கடலில் இருந்தனர். கரையை விட்டு நெடுந்தொலைவு சென்ற படகுக்குக் கைப்பேசித் தொடர்பு கிட்டாது. உண்மையை அறிய வழியில்லை. வியாழன் காலையில் இருவரும் மீனோடு திரும்பினர். படம் பல ஆண்டுகளுக்கு முற்பட்டது. சின்னம் எவரோ ஒட்டியது. ஆயினும் அதற்குள் அவ்வீட்டு மூதாட்டி மயக்கமுற்று மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தார்.

அச்செய்தியை அவ்வீட்டு மருமகளுக்கு அனுப்பியவன், அவளுக்குத் தம்பி முறையாகும் ஒரு கல்லூரி மாணவன். இராமநாதபுரத்தில் பயில்கிறான். சனிக்கிழமைதோறும் நம் வீட்டுக்கு ஆங்கிலம் கற்க வருகிறான்; அவன் தாய்க்கும் நாமே ஆசிரியை. அந்தச் சனிக்கிழமை வந்து நெடுநேரம் புத்தகத்தைத் திறவாமல் அமர்ந்திருந்தான். பிறகு, “நான் பொய் சொல்லலையே டீச்சர், வந்ததைத்தானே அனுப்புனேன்?” என்றான்.

அப்பொழுது நாம் அவனுக்கு விடை கூறவில்லை. விடை தெரியாமலில்லை, கூறும் தகுதி நமக்கு உண்டா என்னும் ஐயமே காரணம். அதனைப் பின்னர்ச் சொல்வோம்.

கடிந்துகொள்வதற்கு முன், ஏன் அனுப்பினாய் என்று கேட்டோம். 37 ஆண்டுகள் கரும்பலகை முன் நின்றவர்க்கு இவ்வொரு பழக்கம் எஞ்சும்: விடை தவறாயின், மாணவன் எவ்வழியே அத்தவற்றுக்கு வந்து சேர்ந்தான் என்று பார்ப்பது. அவன் சொன்னவை நாம் எதிர்பார்த்தவை அல்ல. செய்தி அவனுக்குச் சிங்கப்பூரில் வேலை செய்யும் பெரியப்பா மகனிடமிருந்து வந்தது. “அண்ணன் அனுப்புனா சரியாத்தான் இருக்கும்” என்றான். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லையே, அவரும் வந்ததை அனுப்பினவர்தாமே என்றோம். சற்று விழித்தான். ஆளின்மீது கொண்ட நம்பிக்கை, அவர் கையைக் கடந்து வந்த பொருளின்மீது தானே ஒட்டிக்கொள்கிறது. அடுத்து, அவன் வகுப்பு மாணவர் அறுபதுபேர் சேர்ந்த வாட்ஸ்அப் குழுவைப் பற்றிச் சொன்னான். இவன் போடாவிட்டால் இரண்டு நிமிடத்தில் வேறொருவன் போட்டுவிடுவான். முதலில் போட்டவனுக்கு அங்கே ஒரு மதிப்புண்டு. இறுதியாக, “அக்காவுக்குத் தெரியணும்ல டீச்சர்?” என்றான். இதுவே மெய்யான காரணம் என்று நமக்குத் தோன்றிற்று. பொய் பரப்பும் எண்ணம் அவனிடம் எள்ளளவும் இல்லை. அன்பினால் அனுப்பினான்.

இளைஞர் செய்தி பெறும் முறையை நாம் கவனித்தவரையில் ஒன்று சொல்லலாம். அவர்கள் செய்தியைத் தேடிச் செல்வதில்லை. செய்தி அவர்களைத் தேடி வருகிறது. திரைப்படப் பாடலுக்கும், தோழன் திருமணப் படத்துக்கும், கிரிக்கெட் கணக்குக்கும் நடுவே வருகிறது. நியூஸ் கார்டு என்று அவர்கள் சொல்லும் அட்டையில் இருபது சொற்களுக்கு மேல் இடமில்லை; ரீல்ஸ் எனப்படும் படத்துணுக்கில் அரை நிமிடத்துக்கு மேல் பொறுமை இல்லை. அவ்வளவு சிறிய இடத்தில் என்ன நடந்தது என்பது மட்டும் அடங்கும். யார் கண்டது, என்றைக்கு, எவரிடம் கேட்டு உறுதி செய்யப்பட்டது என்பவை வெளியே நின்றுவிடும். வடிவம் சிறுத்ததனால் விடுபட்டவை இவை. எவரும் சூழ்ச்சி செய்து விலக்கியவை அல்ல. சூழ்ச்சி செய்பவனுக்கு அது வசதியாக அமைந்துவிட்டது, அவ்வளவே. எழுத்து வடிவமும் வண்ணமும் சின்னமும் ஒத்திருந்தால் போதும், பொய்யட்டைக்கும் மெய்யட்டைக்கும் வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர் 2018-இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வொன்று உண்டு. ட்விட்டரில் 2006 முதல் 2017 வரை பரவிய சுமார் 1,26,000 செய்திகளை எடுத்துப் பார்த்ததில், பொய்ச்செய்தி பிறரால் மறுபகிர்வு செய்யப்படும் வாய்ப்பு மெய்ச்செய்தியைவிட 70 விழுக்காடு மிகுதியாக இருந்தது. தானியங்கிக் கணக்குகளைக் கழித்துவிட்டுப் பார்த்தபோதும் முடிவு மாறவில்லை, பரப்பியவர் மனிதரே. பொய் புதுமையாக இருக்கிறது, வியப்பும் அச்சமும் ஊட்டுகிறது. மெய் பெரும்பாலும் நேற்றைப்போலவே இருக்கிறது.

இளைஞரை மட்டும் குறைகூற முனைவோர் மற்றோர் ஆய்வையும் அறிந்துகொள்ளல் நன்று. 2016 அமெரிக்கத் தேர்தற்காலத்து முகநூல் பகிர்வுகளை ஆராய்ந்து 2019-இல் வெளிவந்தது அது. போலிச் செய்தித் தளங்களிலிருந்து பகிர்ந்தவர்களுள் 65 வயதைக் கடந்தோர், மிக இளைய பிரிவினரைப் போல் ஏறத்தாழ ஏழு மடங்கு பகிர்ந்திருந்தனர். நமக்கு வயது 75. படித்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டோம்.

இக்கடற்கரையில் செய்தி சுமந்த ஒரு சிறுவனின் வரலாறு யாவரும் அறிந்ததே. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இராமேசுவரத்தில் இரயில் நிற்பது நிறுத்தப்பட்டது. செய்தித்தாள் கட்டுகள் இராமேசுவரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஓடும் இரயிலிலிருந்து வெளியே எறியப்பட்டன. அவற்றை விற்றுவந்த உறவினர் சம்சுதீனுக்கு உதவியாகக் கட்டுகளைப் பிடித்தவர் அப்துல் கலாம். பிடித்ததைக் காட்டிலும் நாம் போற்றுவது, அவர் தம் தன்வரலாற்றில் கூறும் மற்றொன்றை. ஜலாலுதீன் சொல்லும் போர்க்கதைகளைக் கேட்டபின், அவை ‘தினமணி’யின் தலைப்புகளில் உள்ளனவா என்று அவர் தேடிப் பார்ப்பாராம். செவியில் விழுந்ததை அச்சில் தேடிய பழக்கம் பத்து வயதுக்குள் வந்திருக்கிறது. அவர் 2015-இல் மறைந்தபின், அவர் சொல்லாத எத்தனையோ மொழிகள் அவர் படத்தோடு கைப்பேசிகளில் உலவுகின்றன. பேக்கரும்பில் அவர் நினைவிடத்துக்கு முன் நின்றுகொண்டே அவற்றை அனுப்புவோரை நாம் கண்டிருக்கிறோம்.

பாம்பன் துறைமுகத்தில் ஏற்றப்படும் புயற்கூண்டும் ஒரு செய்தி வடிவந்தான். பகலில் கூண்டு, இரவில் விளக்கு. ஒன்று முதல் பதினொன்றுவரை எண், எழுத்தில்லை, படமில்லை. அட்டையைவிடச் சுருங்கியது. ஆயினும் எவரும் அதனை ஐயுறுவதில்லை. ஏற்றுதற்குரியவர் ஒருவரே என்பதும், தவறாக ஏற்றினால் விடை சொல்ல வேண்டியவர் யார் என்பதும் கரையிலுள்ள குழந்தைக்கும் தெரியும். பதினொன்றாம் எண்ணின் பொருள் நமக்கு எப்பொழுதும் வியப்பளிப்பது: வானிலை மையத்துடன் தொடர்பே அறுந்துவிட்டது என்பது அதன் பொருள். ‘நமக்குச் செய்தி வரவில்லை’ என்பதையும் ஒரு செய்தியாக அறிவிக்கும் நேர்மை அக்கூண்டுக்கு உண்டு. கைப்பேசியில் அதற்கு ஈடான அடையாளம் ஒன்றையும் நாம் காணவில்லை.

முற்காலத்தில் வதந்தி இல்லை என்று சொல்லவரவில்லை. 1964 டிசம்பர் 22 இரவு புயல் தனுஷ்கோடியை அழித்தபோது நாம் ஒன்பதாம் வகுப்பில் இருந்தோம். பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் இரயில் கடலுக்குள் போன செய்தி இராமநாதபுரம் தெருக்களில் ஒவ்வொரு திண்ணையிலும் ஒவ்வோர் எண்ணிக்கையோடு பேசப்பட்டது. ஆனால் ஒரு திண்ணைப் பேச்சு அடுத்த ஊரை அடைய ஒரு பகலாயினும் ஆகும். அதற்குள் வானொலி ஒன்று சொல்லும். மறுநாள் நாளிதழ் ஒன்று சொல்லும். பொய்யும் மெய்யும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் நடந்த காலம் அது.

இனி, நாம் ஒத்திவைத்ததைச் சொல்ல வேண்டும்.

2018 சித்திரையில் நமக்கு ஒரு குரற்செய்தி வந்தது. வடநாட்டிலிருந்து குழந்தை கடத்துவோர் நூற்றுக்கணக்கில் தமிழ்நாட்டில் இறங்கியுள்ளனர், பிள்ளைகளை வெளியே விடாதீர் என்று ஒரு பெண் பதறிய குரலில் பேசினார். தாய்மையின் குரல் அது. நாம் ஆசிரியை, பிள்ளைகள் என்றவுடன் மனம் பதைத்தது. கேட்டு முடித்த கணத்தில் அறுவருக்கு அனுப்பினோம். அறுவரும் நம் உறவினர். சிலர் வந்தவாசி, போளூர்ப் பக்கம் இருப்பவர்கள். ‘நாம்’ என்று எழுதும் வழக்கம் இவ்விடத்தில் மிக வசதியாக இருக்கிறது. அனுப்பிய விரல் ஒன்றுதான்.

அவ்வாண்டு மே 9 அன்று போளூரை அடுத்த அத்திமூரில், சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலைத் தேடி உறவினரோடு காரில் வந்த ஒரு மூதாட்டி, வழியிற்கண்ட குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். கடத்துபவர் என்று கருதிய கூட்டம் அவர்களைத் தாக்கியது. மூதாட்டி உயிர் இழந்தார். நம்மவர் யாத்திரையாகச் செல்லும் திருமலை அமைந்த அதே போளூர்ப் பகுதி. அவ்வாண்டு சூலை முதல் நாளில் மகாராட்டிரத்தின் துளே மாவட்டத்து ரெயின்பாடா என்னும் சிற்றூரில் இதே வதந்தியால் ஐவர் அடித்துக் கொல்லப்பட்டனர். அவ்வாண்டில் நாடெங்கும் உலவிய காட்சிகளுள் ஒன்று, இருவர் மோட்டார்ச் சைக்கிளில் வந்து தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிச் செல்வது. பாகிஸ்தானின் கராச்சி நகரில் குழந்தைப் பாதுகாப்புக்காகத் தொண்டு நிறுவனம் ஒன்று எடுத்த விழிப்புணர்வுப் படம் அது. படத்தின் இறுதியில் அவர்கள் குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்து விட்டு, எச்சரிக்கைப் பதாகை ஒன்றைக் காட்டுவார்கள். அவ்விறுதியை எவரோ வெட்டிவிட்டார். ஒரு சொல்லும் சேர்க்காமல், சில நொடிகளைக் குறைத்த அளவிலேயே நன்மை கொலையாயிற்று.

நம் குரற்செய்தி அத்திமூரை அடைந்ததா என்று எவராலும் சொல்லவியலாது. அடைந்திருக்காது என்று நம்மை நாமே பலமுறை தேற்றிக்கொண்டோம். செய்தியை நம் கைப்பேசியிலிருந்து அழித்தோம். அனுப்பிய அறுவரிடம் ஒன்றும் சொல்லவில்லை.

‘வந்ததைத்தானே அனுப்பினேன்’ என்னும் வழக்கு அன்று நம் நெஞ்சில் நாமே வாதாடியது. எனவே அதன் வலிமையை அறிவோம். பொய் என்பது அறிந்து சொல்வது. அறியாது சொன்னது பிழையே அன்றிப் பொய்யன்று. அறியாமைக்கெல்லாம் குற்றம் சாற்றினால் உலகில் எவரும் வாய் திறக்கவியலாது. இது நியாயமான வாதமே.

ஆயினும் நம் இல்லங்களில் நாள்தோறும் நடக்கும் ஒன்றை எண்ணிப் பார்ப்போம். நம் பாட்டியார் கிணற்று நீரை இரட்டையாய் மடித்த துணியில் வடிகட்டாமல் அடுப்படிக்குள் விடமாட்டார். நீரில் உயிர் இருக்கக் கண்டா வடிகட்டினார்? காணவில்லை; காண இயலாது; ஆகவே வடிகட்டினார். இருள் கவிந்தபின் உண்ணாமையும் இத்தகையதே. ‘சோற்றில் பூச்சி விழுந்ததை நான் பார்க்கவில்லை’ என்று எந்தச் சிராவகரும் இரவில் உண்டு நியாயம் பேசுவதில்லை. பார்க்க முடியாத நிலையில் இருக்கிறோம் என்பதே விலகுதற்குக் காரணம். அவ்வாறாயின், ‘பொய்யென்று எனக்குத் தெரியாது’ என்பது எப்படி மறுமொழியாகும்? தெரியாது என்பதுதானே நிறுத்தியிருக்க வேண்டிய இடம்? பொய்ம்மைக்கு வேர் தீய எண்ணம் மட்டுமன்று, பிரமாதமும் என்று தத்துவார்த்த சூத்திரம் வகுத்ததன் பொருள், எழுபது வயதில் ஒரு கைப்பேசியினால்தான் நமக்கு விளங்கிற்று. பிரமாதம் என்றால் இன்றைய வழக்கில் ‘மிக நன்று’ என்றாகிவிட்டது. நூல்வழக்கில் அது விழிப்பின்மை.

வினை மூவகை என்பர்: தான் செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறர் செய்ததற்கு உடன்படல். குழுவில் ஒன்றை அனுப்புபவன் தானாக ஒன்றும் புனையவில்லை. ஆனால் உடன்பட்டான், அடுத்தவரையும் அனுப்பச் செய்தான். அந்த நூல் வாய்மை நோன்புக்குக் கூறும் ஐந்து அதிசாரங்களுள் பொய்யாவணம் புனைதல் ஒன்று, பிறர் மறைவை வெளியிடல் ஒன்று. முன்னதற்கு ஒட்டுச்சின்னம் பொறித்த அட்டையும், பின்னதற்கு விபத்தில் கிடப்பவரைப் படமெடுத்துப் பரப்புவதும் நேர் எடுத்துக்காட்டுகள். பின்னது மெய்யேயானாலும் குற்றம். இதில் நம் இளைஞர் மட்டுமல்லர், நன்கு படித்த பெரியோரும் வழுக்குகின்றனர்.

அப்படியாயின் வாய் மூடியிருப்பதே அறமா? அன்று. 2004 டிசம்பர் 26 அன்று புதுச்சேரிப் பகுதியின் நல்லவாடு என்னும் மீனவச் சிற்றூரை ஒரு பகிர்வு காத்தது. சிங்கப்பூரில் வேலையிலிருந்த அவ்வூர் இளைஞர் ஒருவர் ஆழிப்பேரலைச் செய்தியறிந்து வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினார். கடல்நீர் ஊருக்குள் ஏறுகிறதென்று தங்கை சொன்னார். உடனே வெளியேறுங்கள், ஊராரிடமும் சொல்லுங்கள் என்றார் அவர். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே அமைத்திருந்த தகவல் மையத்தின் ஒலிபெருக்கி முழங்கிற்று. 3,000-க்கும் மேற்பட்ட மக்கள் உயிர் பிழைத்தனர். அரசு உறுதி செய்யட்டும் என்று அவர் காத்திருந்தால் என்னவாகியிருக்கும்? மறுபுறம், 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது ஆழ்கடலிலிருந்த குமரி மாவட்ட மீனவர்க்கு எச்சரிக்கை உரிய காலத்தில் சென்று சேரவில்லை. சொல்லாமையும் கொல்லும்.

அவரும் சிங்கப்பூரிலிருந்து சொன்னார். நம் மாணவனின் அண்ணனும் சிங்கப்பூரிலிருந்து அனுப்பினார். வேறுபாடு எங்கே? முன்னவர் தம் குரலில், தம் பெயரில், தாம் அறிந்தது எதுவென்று சொன்னார். கேட்டவர் திருப்பிக் கேட்க முடிந்தது. கண்முன் கடல் இருந்தது. சொன்னவர் இணைப்பிலேயே நின்றார். பின்னவர் அனுப்பிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். வாட்ஸ்அப் நிறுவனம் 2018 சூலையில் ‘ஃபார்வர்டு’ என்னும் குறியைச் சேர்த்து, இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப இயலாதபடி செய்தது. 2020-இல், பலமுறை கைமாறியதை ஓரிடத்துக்கு மட்டுமே அனுப்பலாம் என்றது. வேகம் குறைந்தது, நல்லதே. ஆனால் அனுப்பியவர் நின்று விடை சொல்லவேண்டும் என்பதை எந்தப் பொறியும் கற்பிக்காது.

ஆசிரியப் பயிற்சியில் நமக்கு முதலில் கற்பித்தது, தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது. வாய்மை நோன்பையும் அதிசாரத்தையும் அம்மாணவனிடம் சொல்லிப் பயனில்லை. அவன் தந்தையார் விசைப்படகு ஓட்டுபவர். “அப்பா வாக்கி டாக்கியில் ஒரு குரல் கேட்டால் முதலில் என்ன சொல்வார்?” என்று கேட்டோம். “யாரு பேசுறது, எந்தப் படகு, எந்த இடத்துல நிக்கிறேன்னு கேப்பாரு” என்றான். சொல்லிவிட்டுத் தானே அமைதியானான். பாம்பனில் 2016-இல் தொடங்கிய ‘கடல் ஓசை’ சமுதாய வானொலியை மீனவர் நம்பியதற்கும் இதுவே காரணமென்று நினைக்கிறோம். பேசுபவர் அவர்களுள் ஒருவர், கேள்வி கேட்கத் தேடிப் போகலாம்.

பாட்டியாரின் வடிகட்டும் முறையில் இன்னொரு பகுதியும் உண்டு. துணியில் தங்கியதை உதறி எறியமாட்டார். நீர் ஊற்றி, எடுத்த கிணற்றிலேயே கொண்டுபோய்ச் சேர்ப்பார். வேறு கிணற்றில் விட்டால் அவ்வுயிர் பிழைக்காது. நம் மாணவன் மறுப்பை எங்கே சொல்வதென்று கேட்டபோது இது நினைவுக்கு வந்தது. எங்கெங்கு அனுப்பினாயோ அங்கங்கே சொல் என்றோம். ஸ்டேட்டஸில் பொதுவாக ஒரு வரி போடுவது எளிது. அது வேறு கிணறு. அவன் வகுப்புக் குழுவில் எழுதினான். அறுபதுபேரில் ஒருவன் மட்டும் கைகூப்பும் படம் அனுப்பினானாம். பிறகு அக்காவின் வீட்டுக்கு நேரிற் சென்று, மருத்துவமனையிலிருந்து திரும்பிய மூதாட்டியின் கட்டிலருகே நின்றானாம். அவர் என்ன சொன்னார் என்று அவன் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.

அவன் செய்ததைக் கண்டபின் நாம் சும்மா இருத்தல் இயலவில்லை. 2018-இல் அனுப்பிய அறுவருள் இருவர் மறைந்துவிட்டனர். மற்ற நால்வரோடும் கார்த்திகையில் தொலைபேசியில் பேசி, அன்று நாம் அனுப்பியது பொய் என்றோம். மூவருக்கு அப்படியொரு செய்தி வந்த நினைவே இல்லை. வந்தவாசிப் பக்கம் இருக்கும் அத்தை மகளுக்கு நினைவிருந்தது. அந்த வாரம் தெருவில் போர்வை விற்க வந்த வடநாட்டு இளைஞன் ஒருவனை ஊரார் பிடித்து நிறுத்தினார்களாம், கூட்டம் கூடிவிட்டதாம். அடித்தார்களா என்று கேட்டோம்.

“நான் கதவைச் சாத்திட்டு உள்ளே போயிட்டேன் அக்கா, பார்க்கல” என்றார்.